நம்பும்படி எழுதுவது

ஒரு நாவலில் போலீஸ் அதிகாரி ஒருவரை நம்பும்படி எழுத என்ன வேண்டும் என்பது மேலோட்டமாகப் பார்த்தால் தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி. தெரியாததைத் தெரிந்துகொண்டால் போதும், மற்றதைக் கற்பனை பார்த்துக்கொள்ளும் என்று பதில் சொல்லிவிடலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். இது அறம் சம்பந்தப்பட்ட கேள்வி என்பது, தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் தெரிந்துகொண்டு முடித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்தத் தாமதத்தைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

1

ஓசூரைக் களமாக வைத்து ஒரு நாவல் எழுத முயன்றேன். நாயகன் எல்லைப்புற ஸ்டேஷன் ஒன்றின் சப்-இன்ஸ்பெக்டர். போலீஸ்காரனைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஓசூர் ஒரே ஊராக இருக்கும் ஊரல்ல. தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் புழங்கிய பழைய ஊர் ஒன்று. 1970களில் சிப்காட் வந்தபின், லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று ஆலைகள் வரிசையாக எழ, வேலைக்கு வந்தவர்களின் ஊர் இன்னொன்று. இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து, ஒரு அறையில் ஷிப்டு முறையில் தூங்கிக்கொள்ளும் இளைஞர்களின் ஊர் மூன்றாவது. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. வேறு மாநிலம், வேறு போலீஸ். இந்த ஊர்கள் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. எல்லாவற்றையும் சந்திக்கக் கடமைப்பட்ட மனிதன் போலீஸ்காரன் ஒருவன்தான் என்று எனக்குத் தோன்றியது.

தமிழில் இந்த மனிதன் இன்னும் எழுதப்படவில்லை என்ற எண்ணமும் இருந்தது. தமிழின் முதல் நாவல் 1879-ல் வெளிவந்தது. அதை எழுதிய வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர். பதினைந்தே ஆண்டுகளில், 1894-ல், நடேச சாஸ்திரி தானவன் என்ற போலீஸ் நிபுணனை உலவவிட்டுவிட்டார். அன்றிலிருந்து போலீஸ்காரன் நம் கதைகளில் இருந்துகொண்டுதான் இருக்கிறான். ஆனால் 1974-ன் ‘தங்கப்பதக்க’த்திலிருந்து 2010-ன் ‘சிங்கம்’ வரை திரையில் நாம் பார்த்தது சீருடை போட்ட ஒரு லட்சியத்தை. லட்சியத்துக்குப் பாரா டியூட்டி கிடையாது. வாரண்டு நிலுவைக் கணக்கு கிடையாது. தேர்த் திருவிழா பந்தோபஸ்தில் பதினாறு மணி நேரம் நின்று கால் வீங்குவதும் கிடையாது. நான் வீங்கிய காலை எழுத விரும்பினேன்.

ஆகவே போய்ப் பார்த்தேன். தெரிந்தவர் ஒருவரின் கடிதத்தோடு ஒரு ஸ்டேஷனுக்கு மூன்று முறை போனேன். எந்த ஸ்டேஷன் என்பது இங்கே முக்கியமில்லை. நாற்காலி போட்டார்கள், டீ வாங்கித் தந்தார்கள், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். என் நோட்டு வேகமாக நிரம்பியது. லத்திகள் மாட்டும் ஆணிகள். துப்பாக்கி அறையின் பூட்டு. காணாமற்போனவர்களின் புகைப்படங்கள் ஒட்டிய பலகை. அண்மைக் காலம்வரை கர்நாடகக் கான்ஸ்டபிள்கள் ஒருபக்கம் மடித்த அகன்ற தொப்பி அணிந்தார்கள். தொப்பியை வைத்தே எல்லை எங்கே முடிகிறது என்று சொல்லிவிடலாம். இதையும் குறித்துக்கொண்டேன். தொப்பியைக் கற்றுக்கொள்ள ஒரு நாள் போதும்.

2

உண்மையில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர், ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர். பல வருஷங்கள் பல ஸ்டேஷன்களில் ரைட்டராக இருந்தவர். நம் ஸ்டேஷன்களில் ரைட்டர் என்பது ஒரு பொறுப்பின் பெயர். எஃப்.ஐ.ஆர்., பொது நாட்குறிப்பு, மகஜர், வாக்குமூலம், கோர்ட்டுக்குப் போகும் காகிதங்கள் எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும். முதல் நாள் என்னை அறிமுகம் செய்துகொண்டபோது, “நானும் ரைட்டர்தான் சார்” என்றார். அது வேடிக்கைக்குச் சொன்னது என்று அன்று நினைத்தேன்.

அவர் சொன்னவற்றில் பாதி, மொழியைப் பற்றியது. “அரெஸ்ட் பண்றது வேற, அரெஸ்ட் காட்டறது வேற சார்” என்றார். ஒருவனைக் கூட்டிவந்து உட்கார வைத்த நேரமும், கைது என்று காகிதத்தில் ஏறும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இடைப்பட்ட நேரத்தில் அவன் ‘விசாரணைக்கு வந்தவன்’. புகாருக்கு எஃப்.ஐ.ஆர். போட்டால் கணக்கில் ஏறும், சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பினால் ஏறாது. எல்லையோரத்தில் இன்னொரு சங்கடம், குற்றம் யாருடைய சரகத்தில் நடந்தது என்பது. நெடுஞ்சாலை ஓரத்துப் பிணத்துக்குக் கூடச் சரகம் பார்த்த காலம் இருந்தது என்றார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், எந்தச் சரகத்தில் நடந்த குற்றமானாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று ஒரு பெண்ணை அலையவிடுவதற்குச் சட்டத்தில் இனி இடமில்லை.

மற்றொன்று, வாக்குமூலத்தின் தமிழ். சாட்சி தெலுங்கில் அழுதாலும், கன்னடத்தில் கத்தினாலும், இந்தியில் கெஞ்சினாலும் காகிதத்தில் ஒரே குரலில் பேசுவான்: நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன், சம்பவத்தன்று நான், என்னிடம் விசாரித்ததில், என்று. குற்றவாளியின் ஒப்புதலுக்கும் ஒரு வார்ப்பு உண்டு. என்னை அழைத்துச் சென்றால் நான் மறைத்து வைத்த இடத்தைக் காட்டி, பொருளை எடுத்து ஆஜர் செய்கிறேன் என்று முடியும். நாவலாசிரியன் வாழ்நாளெல்லாம் ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் தேடுகிறான். அந்த ரைட்டர் முப்பது வருஷம் எல்லாருக்கும் ஒரே குரலைக் கொடுத்தார். ‘நம்பும்படி’ எழுதியவர் அவர்தான். அவர் எழுத்தை நம்பி ஆட்கள் ஜெயிலுக்குப் போனார்கள். என் எழுத்தை நம்பி யாரும் எங்கும் போனதில்லை.

3

அந்தக் கடைசி வாக்கியம் ஏன் அப்படி முடிகிறது என்பதற்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. போலீஸ் அதிகாரியிடம் தந்த ஒப்புதலைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்றது 1872-ன் சாட்சியச் சட்டம். அதன் இடத்துக்கு 2024-ல் வந்த சட்டமும் அதையே சொல்கிறது. விலக்கு ஒன்றே. ஒப்புதலின் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதியை மட்டும் ஏற்கலாம். புலுகுரி கோட்டய்யா வழக்கின் தீர்ப்பில் பிரிவி கவுன்சில் இதை விளக்கியது: கத்தியை ஒளித்துவைத்தேன் என்பதை ஏற்கலாம், அந்தக் கத்தியால்தான் குத்தினேன் என்பதை ஏற்கலாகாது. ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில் வந்த ஒரே வாக்கியம். அதன் நடுவே சட்டம் கோடு கிழிக்கிறது. இதைவிட நுட்பமான இலக்கிய விமர்சனத்தை நான் படித்ததில்லை.

இந்த அவநம்பிக்கை சட்ட நூலாசிரியர்களின் மனத்தில் சும்மா தோன்றியதல்ல. 1855-ல் சென்னை ராஜதானியில் சித்திரவதைப் புகார்களை விசாரித்த கமிஷனின் அறிக்கை வெளிவந்தது. வரி வசூலுக்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கும் நம் கிராமங்களில் என்னென்ன செய்தார்கள் என்பதன் பட்டியல் அது. அதையடுத்து, 1859-ல், இங்கே போலீஸ் புதிதாக ஒரு சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. அதாவது இன்று நாம் அறிந்த போலீஸ் ஸ்தாபனம் பிறந்தபோதே, அதன் எழுத்தை நம்பாதே என்ற எச்சரிக்கையும் கூடவே பிறந்துவிட்டது. அரசுக்கே தன் அதிகாரியின் எழுத்தில் நம்பிக்கை இல்லை. நாவலாசிரியனோ நம்பகத்தன்மை வேண்டி அதே அதிகாரியிடம் போய் நிற்கிறான்.

4

போய் நிற்பதில் தவறில்லை. எப்படிப் போகிறோம் என்பதுதான் விஷயம். 1930களின் தொடக்கத்தில், மெக்ரே நாவல்கள் வெளிவரத் தொடங்கியபோது, பாரிஸின் குற்றப்புலனாய்வுப் போலீசுக்குத் தலைவராயிருந்த ஸேவியர் குவிஷார், நாவலாசிரியர் சிமெனோனைத் தன் அலுவலகத்துக்கு அழைத்தார். நடைமுறைப் பிழைகளைத் திருத்திக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணம். சிமெனோன் போனார், கற்றார். பின்னால் குவிஷாரே அந்த நாவல்களில் ஒரு பாத்திரமாகவும் வந்தார். மெக்ரே பெரிய சிருஷ்டி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் விருந்தாளி கண்ட போலீஸ்காரர். அவருடைய அறையில் அடுப்பு எரிகிறது, பைப் புகைகிறது, பியர் வருகிறது. குற்றவாளி அந்தக் கதகதப்பில் தானாகவே பேசிவிடுகிறான்.

தஸ்தயேவ்ஸ்கியைப் போலீஸ் அழைக்கவில்லை, பிடித்துக்கொண்டு போனது. 1849-ல் கைதாகி, கோட்டைச் சிறையில் மாதக்கணக்கில் விசாரிக்கப்பட்டு, சுட்டுக் கொல்வதாக நிறுத்தப்பட்டு, கடைசி நிமிஷத்தில் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டவர். ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் விசாரணை அதிகாரியாக வரும் பொர்ஃபீரி சிரிக்கிறான், குழைகிறான், சம்பந்தமில்லாததைப் பேசுகிறான். எந்த இலாகாவின் நடைமுறை நூலிலும் அவன் இருக்கமாட்டான். எதிரே உட்கார்ந்து விடைசொல்லத் திணறியவனுக்கு மட்டுமே தெரிந்த முகம் அது.

தமிழிலும் ஒருவர் இருக்கிறார். கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், 1983-ல் ஆந்திராவின் குண்டூரில் போலீஸ் காவலில் தான் பட்டதை ‘லாக்கப்’ என்ற நூலாக எழுதினார். 2015-ல் வெற்றிமாறன் அதைக் கொண்டு ‘விசாரணை’ எடுத்தார். சந்திரகுமார் எந்த அதிகாரியிடமும் சந்தேகம் கேட்கவில்லை. அடித்தவர்கள் எப்போது களைப்படைவார்கள், எப்போது சாப்பிடப் போவார்கள், யார் வந்தால் குரல் மாறும் என்பதை அடிபட்டவன் அறிந்திருந்தான். அவன் உயிர் அந்தத் தகவல்களில் இருந்தது. நான் ஆணிகளை எண்ணியதற்கும் அவன் காலடிச் சத்தத்தை எண்ணியதற்கும் வித்தியாசம் உண்டு.

இதிலிருந்து, அடிபட்டவனே எழுத வேண்டும், மற்றவன் பேனாவை மூடிவைக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அது கற்பனையின் மீது நம்பிக்கை இழப்பது. நாற்காலியில் இருந்து பார்ப்பவன், தான் நாற்காலியில் இருப்பதை மறக்கக் கூடாது என்பது மட்டுமே என் வாதம். டீயின் கடன் சிறியதல்ல. நம்பி உள்ளே விட்டவரை மோசமாக எழுத மனம் வராது. உள்ளே இருந்த மற்றவனோ நம்மை விடவுமில்லை, தடுக்கவுமில்லை. அவனுக்கு நாம் கடன்பட்டதாகத் தோன்றுவதேயில்லை.

5

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். போலீஸ்காரனும் மனிதன்தானே, அவனைப் புரிந்துகொள்ள முயல்வது எப்படிக் குற்றமாகும்?

1980 ஆகஸ்டில், கிருஷ்ணகிரிக்குப் பக்கத்திலுள்ள திருப்பத்தூரில், பிடிபட்ட நக்சலைட்டுகளைக் காரில் கொண்டுபோனபோது குண்டு வெடித்து இன்ஸ்பெக்டர் பழனிசாமியும் உடனிருந்த போலீசார் சிலரும் இறந்தார்கள். அதன்பின் வட ஆற்காட்டிலும் தருமபுரியிலும் நடந்த போலீஸ் நடவடிக்கைக்கு, இறந்த இன்ஸ்பெக்டரின் சிறு மகளின் பெயரே வைக்கப்பட்டது. இன்றைய கிருஷ்ணகிரி அன்று தருமபுரி மாவட்டத்தின் பகுதி. 2004-ல்தான் தனி மாவட்டமானது. ஒரு குழந்தையின் பெயர். எந்த நாவலாசிரியனும் இந்த ஒரு தகவலுக்காக எவ்வளவும் கொடுப்பான். சக ஊழியனை இழந்தவர்களின் துக்கம், பயம், கோபம் எல்லாம் அதில் இருக்கின்றன. அந்தத் துக்கத்தை எழுதாதவன் போலீஸ்காரனை எழுதியவனாக மாட்டான்.

ஆனால் அந்த நடவடிக்கையில் இளைஞர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்பது போலீஸ் காகிதம் சொன்ன கதை. பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றார்கள் என்பது மனித உரிமைக்காரர்களின் குற்றச்சாட்டு. துக்கம் உண்மையாக இருப்பதால் அதன்பின் எழுதப்பட்ட ஒவ்வொரு ‘மோதல்’ அறிக்கையும் உண்மையாகிவிடாது. நாவல் சறுக்கும் இடம் இதுதான். அதிகாரியின் மனத்துக்குள் நாம் வெற்றிகரமாக நுழைந்துவிட்டால், அவன் வலியை வாசகனும் உணர்ந்துவிட்டால், அவன் எழுதிய காகிதத்திலும் வாசகன் சேர்ந்து கையெழுத்துப் போட்டுவிடுகிறான். புரிந்துகொள்வது வேறு, சாட்சிக் கையெழுத்துப் போடுவது வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நவீன நாவல் தனிமனிதனின் பிரக்ஞையைத் தேடிப் பழகியது. நல்ல போலீஸ்காரன், கெட்ட போலீஸ்காரன், மனம் உறுத்தும் போலீஸ்காரன் என்றுதான் அதற்கு யோசிக்கத் தெரியும். 1992 ஜூன் 20 அன்று அரூரை அடுத்த வாச்சாத்தியில் நடந்ததற்கு எத்தனை பேருடைய மனத்துக்குள் நுழைவது? குற்றம் சாட்டப்பட்ட வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஊழியர்கள் 269 பேர். வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-ல் தருமபுரி கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பத்தொன்பது வருஷம், 215 பேர். அதில் ஒருவருடைய மனப்போராட்டத்தை மிக நுட்பமாக எழுதினாலும், வாச்சாத்தி அதில் அகப்படாது. அங்கே பாத்திரம் ஒரு மனிதனல்ல. ஒருவருக்கொருவர் சொல்லாமலே ஒப்புக்கொண்ட ஒரு மௌனம்.

6

அந்த மௌனத்தை உடைத்தவரும் உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தார்கள். அவர்கள் தரையில் புரண்டதில் காயம் ஏற்பட்டது என்று எஃப்.ஐ.ஆர். சொன்னது. ஒரு ரைட்டரின் வாக்கியம். விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம், இரவெல்லாம் அடித்தார்கள் என்று சொன்னவர், அதே ஸ்டேஷனின் பெண் தலைமைக் காவலர். பயந்தார், கையெழுத்திடத் தயங்கினார், பிறகு இட்டார்.

என் நாவலில் இப்படி ஒருவரை வைத்திருந்தால், இது நம்பும்படி இல்லை என்று நானே அடித்திருப்பேன். யதார்த்தத்தில் ஏட்டுகள் இப்படிச் செய்யமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதை எனக்குச் சொன்னவர்கள் போலீஸ்காரர்கள். நான் சேகரித்த தகவல்கள் அத்தனையும் அவருக்கு எதிரான சாட்சியம். ‘நம்பும்படி’ என்பது பெரும்பாலும் நடப்பதன் மறுபெயராகிவிடும்போது, நடக்க முடிந்ததைக் காணும் கண் அவிந்துபோகிறது. அந்தப் பெண்மணியின் தயக்கத்தில்தான், பேனாவுக்கும் காகிதத்துக்கும் இடைப்பட்ட அந்தச் சில நிமிஷங்களில்தான், நான் தேடிய போலீஸ்காரர் இருந்திருக்கிறார்.

7

இனி என் ஒப்புதல். நான் போலீஸ் அதிகாரியிடம் தரவில்லை, ஆகவே ஏற்கலாம்.

மூன்றாவது முறை போனபோது, கம்ப்யூட்டர் மேஜைக்கு அருகே சுவரோரம் தரையில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். இருபது வயதிருக்கும். வடக்கத்திப் பையன். பெல்ட்டைக் கழற்றி வாங்கியிருந்தார்கள் போலிருக்கிறது. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோது பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு போனான். நான் நோட்டில் எழுதினேன்: இடுப்பைக் கையால் பிடித்தபடி நடக்கிறான், உபயோகிக்கலாம். திரும்பி வந்து உட்கார்ந்தவன் என்னிடம் இந்தியில் மணி கேட்டான். ஐந்து விரலைக் காட்டினேன். அவன் தலையசைத்தான். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதா என்று கணக்குப் போட்டிருப்பான் என்று பின்னால்தான் தோன்றியது. யார் அவன், எப்போது வந்தான் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த முறை நாற்காலி கிடைக்காது என்று எனக்குள் ஏதோ ஒன்று அறிந்திருந்தது. பிறகு ஏட்டய்யாவிடம் சொன்னபோது, “அரெஸ்ட் காட்டியிருக்கமாட்டாங்க சார்” என்றார், பாடம் சொல்லும் அதே குரலில்.

1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதுக்கு நிபந்தனைகள் விதித்தது. கைது நேரத்தைக் குறித்து ஒரு மெமோ எழுத வேண்டும். அதில் குடும்பத்தார் ஒருவரோ, அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். பின்னர் அது சட்டத்திலேயே சேர்ந்தது. இதையும் நோட்டில் குறித்துவைத்திருந்தேன், தனிப் பக்கத்தில், அழகாக. குடும்பம் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் ஒருவன் தரையில் உட்கார்ந்திருந்தான். மதிப்புக்குரியவர் என்று நாற்காலி போட்டு உட்காரவைக்கப்பட்ட ஒருவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். அங்கே சட்டம் கேட்ட சாட்சி நான்தான். நான் தகவல் சேகரித்துக்கொண்டிருந்தேன்.

அன்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதல்ல பிரச்சினை. ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம். ஆனால் கேட்காதபோது எனக்குள் நடந்தது என்னவோ, அது அந்த ஸ்டேஷனில் முதல் நாள் வேலைக்குச் சேரும் ஒவ்வொரு இளம் கான்ஸ்டபிளுக்குள்ளும் நடப்பதுதான். பார்ப்பது, பார்த்ததை உபயோகமானது உபயோகமற்றது என்று பிரிப்பது, மீதியைப் பதிவில் ஏற்றாமல் விடுவது. போலீஸ்காரனைப் பற்றிய உண்மையான தகவல் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு தருணத்தில்தான். அது என்னைப் பற்றிய தகவலாக இருந்ததால் நோட்டில் ஏறவில்லை.

நாவல் இன்னும் முடியவில்லை. பழைய அத்தியாயங்களைத் தூக்கிப் போட்டுவிட்டேன். ஆணிகளும் தொப்பியும் போய்விட்டன. புதிதாக எழுதியதில் ஒரு மாலை, சப்-இன்ஸ்பெக்டரைப் பார்க்க எழுத்தாளர் ஒருவர் நோட்டோடு வருகிறார். அவருக்கு நாற்காலி போடச் சொல்கிறான். டீக்கு ஆள் அனுப்புகிறான். சுவரோரம் இருப்பவனை மறைக்கச் சொல்லவில்லை. அவர் எதைக் கேட்கமாட்டார் என்பது அவனுக்குத் தெரியும்.